தேசவழமை: யாழ்ப்பாணத்து வழக்கம் எழுத்துச் சட்டமான வரலாறு

தேசவழமை என்பது இலங்கையின் வடபகுதித் தமிழரிடையே தலைமுறை தலைமுறையாக நிலவிவந்த வழக்கங்களின் தொகுப்பாகும். திருமணம், சீதனம், சொத்துரிமை, மகவேற்பு, காணி விற்பனை, ஒற்றி, கடன் எனக் குடும்ப வாழ்வையும் ஊர் வாழ்வையும் ஒழுங்குபடுத்திய விதிகள் இதில் அடங்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு எழுத்துவடிவம் பெற்ற இத்தொகுப்பு, திருத்தங்களுடன் இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் நடைமுறையில் உள்ளது.

"தேசம்" என்பது இங்கே நாட்டைக் குறிக்கவில்லை. யாழ்ப்பாணப் பகுதியைக் குறிக்கிறது. "வழமை" என்பது வழங்கிவருவது. எந்த அரசனும் ஆணையிட்டு உருவாக்காத, மக்கள் பின்பற்றியதால் மட்டுமே நிலைத்த ஒழுங்கு என்பதே இப்பெயரின் பொருள்.

எழுதப்பட்ட சூழல்

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். காணி, சீதனம், கடன் தொடர்பான வழக்குகள் அவர்களுடைய நீதிமன்றங்களுக்கு வந்தபோது, உள்ளூர் வழக்கம் என்ன என்பது நீதிபதிகளுக்குத் தெரியவில்லை. வழக்காளி ஒன்று சொல்வார். எதிராளி வேறொன்று சொல்வார்.

இதனால் ஆளுநர் கோர்னெலிஸ் யோன் சைமன்ஸ், வழக்கங்களைத் திரட்டி எழுதுமாறு பணித்தார். அப்பணியைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். அவர் அப்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து மக்களின் நடைமுறைகளை நேரில் அறிந்தவர். ஒல்லாந்த மொழியில் அவர் எழுதியது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. இது வழக்கத்துக்கு ஒத்ததே என்று அவர்கள் ஏற்றபின் நீதிமன்றங்களின் பயன்பாட்டுக்கு வந்தது.

பிரித்தானியர் ஆட்சிக்கு வந்தபின், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமைக்கு முழுச் சட்டவலு அளித்தது. தேசவழமை விடை தராத இடங்களில் உரோம ஒல்லாந்தச் சட்டம் பயன்படுத்தப்பட்டது.

மூவகைச் சொத்து

தேசவழமையின் உயிர்நாடி அதன் சொத்துப் பகுப்பே. முன்னோர் வழியில் ஆணுக்கு வந்தது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம்.

பழைய வழக்கப்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. தேடியதேட்டம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் பொதுவாகப் பகிரப்பட்டது. சீதனம் பெற்று மணமுடித்த பெண் அத்துடன் நிறைவடைய வேண்டும். பெற்றோரின் மற்றச் சொத்தில் அவள் பங்கு கேட்பதில்லை. சீதனம் இங்கே மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலை அன்று. பெண்ணின் பெயரில் இருந்து அவள் பெண்மக்களுக்குப் போகும் சொத்து அது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் தேசவழமையைப் புரிந்துகொள்ள முடியாது.

இப்பகுப்பு அசையாமல் நின்றதும் அன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே பெற்றோர் இருவரும் முதுசம், சீதனம், தேட்டம் எதிலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கத் தொடங்கிவிட்டனர் என்று தொகுப்பே கூறுகிறது. எழுதப்பட்ட நாளிலேயே வழக்கம் மாறிக்கொண்டுதான் இருந்தது.

ஊர் வாழ்வின் விதிகள்

காணி விற்பனை பற்றிய விதி கவனத்துக்குரியது. ஒருவர் தம் காணியை விற்க விரும்பினால், உரித்தாளர், பங்காளர், அயற்காணிக்காரர், அக்காணியை ஒற்றியாகப் பெற்றவர் ஆகியோருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். ஒரே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதத் தவணை. தொலைவில் இருப்பவருக்குத் தொலைவுக்கு ஏற்ப ஓராண்டு வரை நீண்ட தவணை. அவர்கள் வாங்க மறுத்தால் மட்டுமே வெளியாருக்கு விற்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் இது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்கும் முறையாக மாறியது. வேலி பகிர்ந்து, கிணறு பகிர்ந்து வாழ்ந்த ஊரில் பக்கத்துக் காணிக்கு யார் வருகிறார் என்பது எல்லோரையும் பாதிக்கும் செய்தி.

ஒற்றி முறையில் கடன் கொடுத்தவர் காணியைத் தம் கையில் வைத்து, வட்டிக்கு ஈடாக விளைச்சலை எடுத்துக்கொள்வார். மகவேற்பில், பிள்ளையை எடுப்பவர்கள் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் பருகுவர். உரித்தாளர் அந்நீரில் விரல் தோய்த்துத் தம் இசைவைக் காட்டுவர். எழுத்துப் பத்திரம் அரிதாயிருந்த காலத்தில் ஊரார் கண்ணே பதிவேடாக இருந்தது.

வழக்கத்தின் மறுபக்கம்

வழக்கம் என்பதாலேயே எல்லாம் அறம் ஆகிவிடாது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்ற பிரிவினரை அடிமைகளாகக் குறித்து, அவர்களுக்கும் ஆண்டைமாருக்கும் இடையிலான விதிகளையும் தேசவழமை தனிப்பகுதியாக வகுத்திருந்தது. ஊரில் நடந்த அநீதி எழுதப்பட்டவுடன் நீதிமன்றம் காக்கும் உரிமையாகிவிட்டது. இலங்கையில் 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதுடன் அப்பகுதி செயலற்றுப்போனது. ஆயினும் சாதி ஒடுக்குமுறை அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

இங்கே ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். தொகுத்தவர் ஓர் ஐரோப்பிய அதிகாரி. சரிபார்த்த பன்னிருவரும் ஊரில் செல்வாக்குடைய ஆண்கள். "இதுதான் எங்கள் வழக்கம்" என்று அவர்கள் சொன்னது, அடிமையாக இருந்தவரும் பெண்களும் சொல்லியிருக்கக்கூடியதே என்று கொள்ள இயலாது.

இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்கள்

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் பழைய விதிகளைப் பெரிதும் மாற்றியது. 1947இல் வந்த 58ஆம் இலக்கத் திருத்தம் தேடியதேட்டத்துக்குப் புதிய வரையறை தந்தது. கணவன் மனைவியரில் ஒருவர் இறந்தால், இறந்தவருக்குரிய தேட்டத்தில் ஒரு பாதி உயிருடன் இருப்பவருக்கும் மறுபாதி உரித்தாளருக்கும் சேரும் என்று ஆயிற்று. அதே ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணியை முதலில் வாங்கும் உரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் என்று சுருக்கியது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் சொத்தை அவளுடைய தனிச்சொத்தாக ஏற்றது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அசையும் சொத்தை அவள் விரும்பியபடி கையாளலாம். இறுதி விருப்பாவணமும் எழுதலாம். ஆனால் வீடு, காணி முதலிய அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றாலோ, காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம். கணவனுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச்சட்டம் பொதுச்சட்டத்தின்கீழ் வரும் பெண்களை இக்கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு அது பொருந்தவில்லை.

இன்றைய நிலை

2009இல் போர் முடிந்தபின் இவ்விதியின் சுமை வெளிப்படையாகத் தெரிந்தது. கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்கள் பலர் வடக்கில் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகின்றனர். தாய் தந்த சீதனக் காணியாகவே இருந்தாலும், அதை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்க நினைத்தால் கையொப்பமிடக் கணவர் இல்லை. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் முன்பிருந்த சட்டங்கள் செல்லும் என்று கூறுவதால், அரசியலமைப்பைக் காட்டியும் இதை நீக்க இயலவில்லை.

தேசவழமையை முற்றாக நீக்க வேண்டும் என்போரும், தமிழரின் தனி அடையாளமாகக் காக்க வேண்டும் என்போரும் உள்ளனர். இரண்டுக்கும் இடையே, பெண்ணுக்கெனச் சொத்து வைத்த பழைய ஏற்பாட்டைக் காத்து, அவள் கையைக் கட்டும் விதியை மட்டும் திருத்தலாம் என்ற கருத்தும் உண்டு. 1806 முதல் பலமுறை திருத்தப்பட்ட சட்டம் இது. மேலும் ஒருமுறை திருத்தினால் அதன் பெயருக்கு இழுக்கு வராது. வழமை என்பதே வாழ்பவர்களோடு சேர்ந்து மாறுவதுதான்.