உட்செவி

உட்செவி, பொட்டெலும்புக்குள் புதைந்திருக்கும் புலன் உறுப்பு. கேட்டல், உடல் சமநிலை ஆகிய இரண்டும் இதன் பணிகள். காது கேட்பதற்கானது என்பதை எக்காலத்தவரும் அறிந்திருந்தனர். நாம் தள்ளாடாமல் நிற்பதற்கும் அதுவே துணை என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

அமைப்பு

காதுமடல் திரட்டும் ஒலி, செவிக்குழல் வழியே சென்று செவிப்பறையை அதிரச் செய்கிறது. நடுச்செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. நெல்மணியில் பாதிகூட இல்லாத, சுமார் 3 மி.மீ. உயரமுள்ள அங்கவடிதான் மனித உடலின் மிகச்சிறிய எலும்பு.

உட்செவியிலுள்ள காக்லியா, இரண்டரைச் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாகச் சுருண்ட குழல்; நீட்டினால் சுமார் 35 மி.மீ. இருக்கும். இதிலுள்ள ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்களில் அதிர்வு மின்சைகையாகிச் செவிநரம்பு வழியே மூளையை அடைகிறது. காக்லியாவை ஒட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு பைகளில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உள்ளன. புவியீர்ப்பையும் நேர்க்கோட்டு அசைவையும் உணர்வதற்கு இவை உதவுகின்றன.

வரலாறு

செவி எலும்புகளை 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர்கள் விவரித்தனர். காக்லியாவின் மயிர்ச்செல்கள் அமைந்த பகுதியை 1851இல் அல்ஃபோன்சோ கோர்ட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்து விளக்கினார்; அது இன்றும் கோர்ட்டி உறுப்பு எனப்படுகிறது.

சமநிலை பற்றிய முதல் தடயம் 1820களில் பாரிசில் கிடைத்தது. பியர் ஃப்ளூரான்ஸ், புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். கிடைமட்டக் கால்வாய் வெட்டுண்ட புறா, தலையை இடமும் வலமுமாக ஆட்டியபடி சுழன்றது. ஆனால் அதன் கேட்கும் திறன் குறையவில்லை.

அக்காலத்தில் திடீர்த் தலைசுற்றலை மூளையில் இரத்தம் தேங்குவதாகக் கருதி, நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றினர். பாரிசில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், காது இரைச்சலும் கேள்விக்குறைவும் சேர்ந்து வரும் தலைசுற்றலுக்கு உட்செவியே காரணம் என்று 1861இல் அறிவித்தார். மெனியர் நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கால்வாய்களுக்குள் இருக்கும் திரவத்தின் அசைவே தலைச் சுழற்சியை உணர்த்துகிறது என்பதை 1870களில் எர்ன்ஸ்ட் மாக், யோசெஃப் பிராயர், கிரம் பிரவுன் ஆகிய மூவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

இதை நோயாளியிடம் சோதிக்கும் வழியை வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி வகுத்தார். காதைப் பீச்சாங்குழலால் கழுவும்போது குளிர்ந்த நீர் பட்டவர்களுக்குத் தலை சுற்றியது. கண்மணிகள் ஒரு திசையில் துடித்தன. சூடான நீர் பட்டபோது துடிப்பு எதிர்த்திசையில் அமைந்தது. வெப்பம் மாறும்போது கால்வாய்த் திரவம் ஓடுவதே காரணம் என்றார் பாரனி. இதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். குளிர், வெந்நீர்ச் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது.

காக்லியாவின் அடிப்பகுதியில் உச்ச ஒலிகளும் நுனியில் தாழ்ந்த ஒலிகளும் பேரதிர்வை உண்டாக்குகின்றன என்பதை ஹங்கேரியரான கேயோர்க் பெக்கெசி, இறந்தோரின் காதுகளில் நேரடியாகக் கண்டு காட்டினார். அவருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

செவியியல்

இரண்டாம் உலகப்போரில் கேள்வித்திறன் இழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்கான மறுவாழ்வுப் பணியிலிருந்து செவியியல் தனித்துறையாக வளர்ந்தது. ரேமண்ட் கார்ஹார்ட் அதன் முன்னோடி. ஆரோக்கியமான காக்லியா தானே மெல்லொலி எழுப்புவதை 1978இல் டேவிட் கெம்ப் வெளியிட்டார். பேச முடியாத பச்சிளங்குழந்தையின் கேள்வியை உறக்கத்திலேயே சோதிக்க அக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது. இந்தியாவில் இத்துறைக்கான அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் மைசூரில் நிறுவப்பட்டது.

மனிதக் காக்லியாவில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எனவே பேரிரைச்சலிலிருந்து காதைக் காப்பது இன்றியமையாதது. அடிக்கடி தலைசுற்றி விழும் முதியவருக்கு இரத்த அழுத்தத்தோடு காதையும் சோதிக்க வேண்டும்.