தூங்கிக்கிட்டே ஆராய்ச்சி பண்ணின டாக்டர்

போர்க்கப்பல் மூழ்கினா குண்டடி பட்டு செத்தவங்கதான் அதிகமா இருப்பாங்கன்னு நினைப்போம். ஆனா இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1946-ல பிரிட்டிஷ் கடற்படையின் டால்பட் கமிட்டி ஆராய்ஞ்சப்போ வேற கதை வெளியே வந்துச்சு. கடலில் இறந்த கடற்படையினரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர், கப்பலை விட்டு உயிரோட வெளியேறின பிறகு செத்தவங்க!

காரணம் குளிர். ஜில்லுன்னு இருக்கிற கடலில் விழுந்த உடனே மூச்சு தாறுமாறா இரைக்கும். சில நிமிஷத்துல கைகால் மரத்துப் போகும். அதுக்கப்புறம்தான் உடம்புக்குள்ள சூடு குறைஞ்சு நினைவு தப்பும். நினைவில்லாதவன் முகம் தண்ணிக்குள்ள கவிழ்ந்தா... அவ்வளவுதான்.

அப்போ லைஃப் ஜாக்கெட் என்ன செய்யணும்? மயங்கிக் கிடக்கிறவனை மல்லாக்கப் புரட்டி முகத்தை மேலே வைக்கணும். இதை எப்படிச் சோதிக்கிறது? மயங்கின மாதிரி நடிச்சா சரிவராது. முழிச்சிருக்கிறவன் தன்னை அறியாமலே தலையைத் தூக்கிடுவான்.

இங்கதான் எட்கர் பாஸ்க் வர்றார். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த மயக்க மருந்து டாக்டர். போர் நடந்துக்கிட்டிருந்த அந்த வருஷங்களில், ஈதர் கொடுத்துத் தன்னை மயக்கச் சொல்லி, மூச்சுக்குழாயில் டியூபை வச்சுக்கிட்டு, நீச்சல் குளத்தில் மிதந்தார். ஒரு தடவை இல்லீங்க, திரும்பத் திரும்ப. எந்த ஜாக்கெட் முகத்தை மேலே வைக்குது, எது கவுத்து விடுதுன்னு மத்தவங்க பார்த்துக் குறிச்சாங்க. தூங்கிக்கிட்டே ஆராய்ச்சி பண்ணின ஒரே ஆள்னு அவரைக் கிண்டலா சொல்றது உண்டு.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், 1942-43-ல, ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் ஜிக்மண்ட் ராஷர்ங்கிற டாக்டர், கடலில் விழுகிற விமானிகளைக் காப்பாத்தறதுக்குன்னு சொல்லி, சுமார் 300 கைதிகளை ஐஸ் தண்ணியில் இறக்கினார். அதில் 80-க்கும் மேல செத்துப்போனாங்க. "கொடுமைதான், ஆனா அறிவியலுக்குப் பயன்பட்டுச்சே"ன்னு இன்னைக்கும் வாதம் பண்றவங்க இருக்காங்க. 1990-ல ராபர்ட் பெர்கர்ங்கிற அமெரிக்க டாக்டர் அந்தப் பதிவுகளை அலசிப் பார்த்து, முறையே இல்லை, முரண்பாடு நிறைய, நம்பவே முடியாதுன்னு எழுதினார்.

விமானியைக் காப்பாத்தணும்னுதான் ரெண்டு பேரும் சொன்னாங்க. ஒருத்தர் அடுத்தவனைத் தண்ணியில் தள்ளினார். இன்னொருத்தர் தானே இறங்கினார். இனி எங்கேயாவது படகில் லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னா, முகம் சுளிக்காம மாட்டிக்கங்க. அது மல்லாக்க மிதக்க வைக்குமான்னு பார்க்க, மயங்கிக் கிடந்து சோதிச்ச மனுஷன் ஒருத்தர் இருந்தார்.