கையை எடுத்தபின் கண் எங்கே?

1914 ஜூன் 18. பாரிஸுக்கு அருகே சேன் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியிருந்தது. தாழப் பறந்து வந்த விமானத்திலிருந்து 21 வயது லாரன்ஸ் ஸ்பெரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் இறக்கைமேல் ஏறி நடந்தார். விமானம் சாயவில்லை. உள்ளே சுழன்ற கைரோஸ்கோப்புகள் அதை நேராகப் பிடித்திருந்தன. பாதுகாப்பான விமானத்துக்காக அங்கே நடந்த போட்டியில் 50,000 பிராங்க் பரிசு ஸ்பெரிக்குப் போனது.

தானாக ஓடும் காருக்கு இடைமுகம் வடிவமைக்க வரும் மாணவர் பெரும்பாலும் திரையில்தான் தொடங்குகிறார்: எந்த நிறம், எத்தனை பொத்தான், எழுத்து எவ்வளவு பெரிது. அவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த ஆற்றங்கரை. கைக்கு வேலை போனபின் மனிதர் என்ன செய்வார் என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

அதற்கு முதல் பதில் ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் பணியாளர்கள், நேரம் ஆக ஆக, திரையில் தெரிந்த தடயங்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்று பார்க்க நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் எண்களே இல்லாத ஒரு முகப்பைச் செய்தார். அதில் ஒரே ஒரு முள். விநாடிக்கு ஒரு படி நகரும். எப்போதாவது மட்டும் இரண்டு படி தாவும். தாவினால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு முதல் அரை மணியிலேயே கவனம் தளர்ந்துவிட்டது. 1948இல் வெளியான இந்த முடிவு யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. எதுவும் நடக்காத இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க மனித மனத்தால் முடியாது என்றுதான் சொன்னது.

1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இன்னும் கூர்மையாக எழுதினார். சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதனால் முடியாத மிகக் கடினமான கணத்தை மனிதரிடம் தள்ளுகிறோம். பழக்கம் விட்டுப்போன கையிடம்.

கார்கள் இதையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து கற்றன. 1995இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோவுக்கு ஒரு வேனில் போனார்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அவர்கள் காலில், ஸ்டீயரிங்கை 98.2 சதவீத தூரம் கணினியே திருப்பியது. பெரிய சாதனைதான். ஆனால் 4,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் மிச்சம் 1.8 சதவீதம் என்பது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்த 80 கிலோமீட்டர் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

2013இல் கூகுள் தன் கார்களைச் சோதித்தபோது, உள்ளே இருந்தவர்கள் நெடுஞ்சாலையில் தூங்கினார்கள், ஒப்பனை செய்தார்கள், போனைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் ஸ்டீயரிங்கே இல்லாத சின்னக் காரைக் காட்டியது. மனிதரை எச்சரித்து எழுப்பும் வேலையையே அது கைவிட்டது. நேர்மையான முடிவு அது.

கைவிடாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 2018 மார்ச் 18 சாட்சி. அரிசோனாவின் டெம்பி நகரில், இரவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது, அவர் இறந்தார். விசாரணை அறிக்கையின்படி, மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. உள்ளே இருந்தவருக்கு எச்சரிக்கை ஒலி கேட்டது 0.2 விநாடி மிச்சமிருந்தபோது. அதற்கு முந்தைய ஐந்து விநாடிகளுக்கும் மேலாக இயந்திரத்தின் சந்தேகம் வெளியே தெரியவே இல்லை. இடைமுகம் என்பது அந்த ஐந்து விநாடிதான்.

காருக்கு வெளியே நிற்பவருக்கும் பதில் வேண்டும். 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கார் இருக்கை போலவே தைத்த உறைக்குள் ஓட்டுநரை ஒளித்து வளாகத்தில் காரை ஓடவிட்டார்கள். ஓட்டுநரின் முகம் தெரியாவிட்டாலும் பாதசாரிகளில் பெரும்பாலானோர் வழக்கம்போலச் சாலையைக் கடந்தார்கள். நின்ற வண்டி திடீரென முன்னே நகர்ந்தபோதுதான் தயங்கினார்கள். முகத்தைவிட, வண்டி அசையும் விதத்தையே அவர்கள் நம்பியிருந்தார்கள்.

2023இல் கலிபோர்னியாவும் நெவாடாவும் மெர்சிடிஸ் கார்களுக்கு ஒரு புது நிற விளக்கை அனுமதித்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாமே சாலையில் ஏற்கெனவே வேறு பொருளில் இருப்பதால், நீலப்பச்சை. தானியங்கி ஓட்டம் நடக்கும்போது மட்டும் அது எரியும்; பக்கத்தில் வரும் வண்டிக்காரருக்கும் போலீஸ்காரருக்கும், ஸ்டீயரிங் இப்போது யார் கையில் என்று தெரிவதற்காக.