குட்டை முடி நாயும் ஏழு வயதுப் பையனும்

குட்டை முடி நாய்க்கு வாரம் ஒரு முறை பிரஷ் போட்டால் போதும் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் அது தினசரி வேலை, அதுவும் ஒரு சின்னப் பையனின் வேலை!

பிரான்சின் தெற்கில் ஃபுவா பகுதியை ஆண்ட காஸ்தோன் ஃபெபுஸ், 1387இல் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். நாய்களைக் கவனிக்க ஏழு வயதிலேயே பையனைப் பழக்க வேண்டுமாம். தினமும் காலையில் ஒவ்வொரு நாயாகச் சீப்பால் வாரி, வைக்கோல் கற்றையால் துடைக்க வேண்டும். இரவில் அவை சண்டை போடாமலிருக்க அவற்றோடேயே படுக்க வேண்டும். (பையனுக்குத் தலை வாரியது யாரோ?)

ஏன் தினமும்? முள்புதரில் ஓடிய நாய்க்குக் காயம் இருந்தால் வாரும்போதுதான் கையில் தட்டுப்படும் என்பது என் ஊகம். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள இந்நூலின் பிரதியில், பணியாட்கள் நாய்களைப் பராமரிக்கும் வண்ணப்படம் இருக்கிறது. அவசியம் பாருங்கள்!