நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட் 2

நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட் 2 என்பது தெருக் கார்ப் பந்தயத்தை மையமாகக் கொண்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். கனடாவில் இயங்கிவந்த ஈஏ பிளாக் பாக்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2004 நவம்பரில் பிளேஸ்டேசன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், விண்டோஸ் கணினி ஆகியவற்றுக்கு இதனை வெளியிட்டது. 2003 இல் வெளிவந்த அண்டர்கிரவுண்ட் ஆட்டத்தின் தொடர்ச்சியான இது, நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் திறந்த உலக அமைப்பைக் கொண்ட முதல் ஆட்டமாகும். இம்மாற்றத்தை ரசிகர்களுள் ஒரு சாரார் பெரிதும் வரவேற்றனர். மற்றொரு சாரார் பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் இடையே வெறுமனே வண்டி ஓட்ட வைக்கும் வேலை எனக் கருதினர்.

திறந்த உலகம்

ஆட்டத்தின் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படித் தராமல், ஒரு நகரத்தையோ நிலப்பரப்பையோ முழுமையாக அமைத்து, அதனுள் ஆடுபவர் விரும்பிய இடத்துக்கு விரும்பிய நேரத்தில் செல்ல விடும் அமைப்பே திறந்த உலகம் எனப்படுகிறது. கார் ஆட்டங்களில் இது 2004 இல் புதுமையன்று. சிகாகோ நகரைக் களமாகக் கொண்ட மிட்டவுன் மேட்னஸ் 1999 இலேயே வந்துவிட்டது. 2001 இல் வெளியான கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ III இவ்வமைப்பை உலகெங்கும் பரப்பியது. ஆகவே பெயர்பெற்ற பந்தய ஆட்ட வரிசைகளும் இவ்வழியில் செல்லத் தொடங்கியதில் வியப்பில்லை.

முந்தைய ஆட்டம்

2003 இல் வந்த அண்டர்கிரவுண்ட், இரவில் ஒலிம்பிக் சிட்டி என்ற கற்பனை நகரின் தெருக்களில் நடக்கும் பந்தயங்களைக் கொண்டது. நகரம் ஒன்றாக இருந்தும் ஆடுபவர் அதில் தன் விருப்பப்படி சுற்ற இயலாது. தெரிவுப் பட்டியில் (மெனு) அடுத்த பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தால், வண்டி நேராகத் தொடக்கக் கோட்டில் நிற்கும். பந்தயம் முடிந்தவுடன் மீண்டும் பட்டிக்கு வரலாம். காருக்குப் புதிய உதிரிபாகங்கள் பூட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் இதே பட்டியின் வழியாகவே நடந்தன. பத்து நிமிடம் கிடைத்தாலும் இரண்டு பந்தயங்களை முடித்துவிடலாம் என்பது இதன் சிறப்பு. பின்னர் எழுந்த சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்தப் பத்து நிமிடக் கணக்கை நினைவில் வைத்தல் வேண்டும்.

பேவியூ நகரம்

இரண்டாம் ஆட்டம் பேவியூ என்ற கற்பனை நகரில் நடக்கிறது. முந்தைய நகரில் வெற்றிபெற்ற ஓட்டுநரின் காரை ஒரு ஹம்மர் வண்டி மோதி நொறுக்குகிறது. ஆறு மாதங்களுக்குப் பின் அவர் பேவியூவுக்கு வந்து இறங்குகிறார். அங்கு அவருக்கு வழிகாட்டும் ரேச்சல் என்ற பாத்திரத்துக்கு நடிகை புரூக் பர்க் குரல் கொடுத்துள்ளார். கதைப் பகுதிகள் படக்கதை வடிவில் காட்டப்படுகின்றன. கதை மெலிந்தது, அதற்காக இவ்வாட்டத்தை ஆடியவர் அரிது.

நகரம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் ஒரு பகுதி மட்டுமே திறந்திருக்கும். வெற்றி பெறப் பெற மற்றவை திறக்கும். வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகர மையம், வளைந்து ஏறும் ஜாக்சன் ஹைட்ஸ் மலைச்சாலைகள், தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் நிறைந்த கோல் ஹார்பர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இறுதியில் குறிப்பிட்ட பகுதிக்கு 'நிலக்கரித் துறைமுகம்' என்று பொருள். ராயபுரத்திலோ எண்ணூரிலோ வளர்ந்தவருக்கு அப்பெயரும் அதன் தோற்றமும் அவ்வளவு அயலானவை அல்ல.

பந்தயங்கள் நடக்கும் இடங்களுக்கு ஆடுபவர் தாமே ஓட்டிச் செல்ல வேண்டும். திரையின் மேற்பகுதியில் ஓர் அம்புக்குறி வழி காட்டும். உதிரிபாகக் கடைகளும் வண்ணக் கடைகளும் முதலில் வரைபடத்தில் இரா. அவற்றைச் சுற்றித் திரிந்து கண்டுபிடிக்க வேண்டும். சாலையில் எதிர்ப்படும் மற்றொரு பந்தயக்காரரை அங்கேயே போட்டிக்கு அழைத்து, அவரைவிடக் குறிப்பிட்ட தொலைவு முந்திச் சென்றால் வெற்றி பெறும் 'அவுட்ரன்' முறையும் உண்டு. திறந்த நகரம் இல்லாமல் இம்முறையை அமைத்திருக்கவே முடியாது. பந்தயங்களை மட்டும் நாடுவோருக்கு 'குவிக் ரேஸ்' என்ற தனிப்பிரிவு இருந்தது. எனினும் ஆட்டத்தின் உடலும் உயிரும் நகரில் நிகழும் தொடர் போட்டிகளிலேயே இருந்தன.

ரசிகர்களின் கருத்துகள்

எதிர்த்தவர்களின் முதற்குறை நேரம். மூன்று நிமிடப் பந்தயத்துக்காக நகரின் மறுகோடி வரை ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியில் தோற்பதற்கோ வெல்வதற்கோ ஒன்றுமில்லை. இவ்வாட்டத்தில் காவல்துறை கிடையாது. தெருவில் நடமாடும் மக்களும் கிடையாது. எப்போதும் இரவு, எப்போதும் ஈரச் சாலை, ஆங்காங்கே சில வண்டிகள். நகரம் ஒரு காட்சிப்பொருளாக மட்டுமே உள்ளது என்பது அவர்களின் வாதம். சாலைகளில் இடம்பெற்ற பர்கர் கிங், பெஸ்ட் பை போன்ற உண்மை நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளும், செய்திகள் வரும்போதெல்லாம் தோன்றிய சிங்குலர் தொலைபேசி நிறுவனச் சின்னமும் இக்குறையை மிகுவித்தன. ஓட்ட வைப்பதே விளம்பரத்தைக் காட்டத்தானோ என்று கேட்டவர்களும் இருந்தனர்.

நகரின் வெறுமைக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பிளேஸ்டேசன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. முழு நகரத்தையும் அதனுள் வைக்க இயலாது. வண்டி செல்லச் செல்ல அடுத்த தெருவை வட்டிலிருந்து ஏற்ற வேண்டும். அதிவேகத்தில் செல்லும் வண்டிக்கு முன்னால் தெருவை உரிய நேரத்தில் வரைந்து முடிப்பதே பெரும்பாடு. அதில் மனிதர்களையும் நடமாட விட்டால் வேகம் குறையும். வேகமே உயிராக உள்ள ஓர் ஆட்டத்தில் வடிவமைப்பாளர்கள் எதனைக் கைவிட்டார்கள் என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே.

ஆதரித்தவர்களின் பார்வை முற்றிலும் வேறு. அண்டர்கிரவுண்ட் ஆட்டங்களின் உண்மையான ஈர்ப்பு காரை அலங்கரிப்பதில் உள்ளது. சக்கரம், விளக்கு, வண்ணம், பின்பெட்டியில் ஒலிபெருக்கி எனப் பார்த்துப் பார்த்துப் பூட்டிய வண்டியை, பந்தயத்தில் ஓட்டும்போது ஆடுபவர் உற்று நோக்க முடியாது. கண் சாலையில் இருக்கும். யாரும் துரத்தாத, நேரம் கணக்கிடப்படாத வெற்றுச் சாலையில்தான் அதனை ரசிக்க முடியும். மேலும், பந்தயம் நடக்கும் தெருக்களை முன்பே சுற்றிப் பழகியிருந்தால் திருப்பங்கள் மனத்தில் பதிந்துவிடும். அவர்களுக்கு அந்த இடைச்சாலை காத்திருப்பு அன்று; ஆட்டமே அதுதான்.

இரு சாராரும் பேசியது ஒரே சாலையைப் பற்றித்தான் என்பது கவனிக்கத்தக்கது. ஆடுபவரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அவரது தீர்ப்பு அமைந்தது.

தமிழ்நாட்டில்

2000களின் நடுவில் தமிழ்நாட்டு இளைஞர் பலரிடம் சொந்தக் கணினி கிடையாது. மணிக்கணக்கில் கட்டணம் பெறும் 'பிரவுசிங் சென்டர்'களே அவர்களுக்கு ஆட்டக்களம். சென்னையில் பர்மா பஜார், ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஆட்டங்களின் உரிமமற்ற படிகளும் விற்கப்பட்டன. கட்டணம் செலுத்தி அமர்ந்த ஒரு மணி நேரத்தில் கால் மணியை நகரைச் சுற்றுவதில் கழிப்பது வீண்செலவு. அடுத்த முறை வரும்போது வேறு கணினியில் அமர நேர்ந்தால், முன்பு சேமித்த நிலையும் காரும் அதில் இரா. எனவே திறந்த உலகத்தின் பயனைச் சொந்தக் கணினி உள்ளவரே முழுமையாகப் பெற்றனர். வெளிநாட்டு விமர்சனங்களில் இக்கோணம் இடம்பெறவில்லை.

மறுபுறம், வெறுமையான சாலை என்ற குறையும் எங்கும் ஒரே எடை உடையதன்று. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடக்கும் வரை நிற்பதும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்வதும் வழக்கமாகிவிட்ட ஒருவருக்கு, தடையே இல்லாத துறைமுகச் சாலை ஒரு குறையாகத் தோன்ற வேண்டியதில்லை.

பின்வந்த ஆட்டங்கள்

2005 இல் வெளிவந்த மோஸ்ட் வாண்டட், இரு சாராருக்கும் ஒரே நேரத்தில் விடை கூறியது. ராக்போர்ட் என்ற திறந்த நகரம் அதில் இருந்தது. ஆனால் பந்தயங்களைப் பட்டியிலிருந்தே தேர்ந்தெடுத்து உடனே தொடங்கவும் முடிந்தது. மேலும், காவல்துறைத் துரத்தல் மீண்டும் சேர்க்கப்பட்டதால் இடைச்சாலைக்கும் ஒரு வேலை கிடைத்தது. இவ்வரிசையில் பலராலும் சிறந்ததாகக் கருதப்படும் ஆட்டங்களுள் இது ஒன்று. 2006 இல் வந்த கார்பன் இதே முறையைப் பின்பற்றியது.

2007 இல் புரோஸ்ட்ரீட் திறந்த உலகத்தை அறவே கைவிட்டு, மூடிய ஓடுதளங்களில் நடக்கும் சட்டப்படியான பந்தயங்களுக்குத் திரும்பியது. இப்போது எதிர்ப்பு மறுபக்கத்திலிருந்து எழுந்தது: தெரு எங்கே, இரவு எங்கே என்று ரசிகர்கள் கேட்டனர். அடுத்த ஆண்டே அண்டர்கவர் ஆட்டத்தில் திறந்த நகரம் மீண்டும் வந்தது. அது வேறு பல குறைகளுக்காக விமர்சிக்கப்பட்டது. ஈஏ பிளாக் பாக்ஸ் 2013 இல் மூடப்பட்டது. 2015, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நீட் ஃபார் ஸ்பீட் ஆட்டங்கள் அனைத்தும் திறந்த உலக ஆட்டங்களே. அண்டர்கிரவுண்ட் 2 ஐ இன்றைய அகலத் திரைகளில் ஆடுவதற்கான திருத்தங்களை ரசிகர்களே எழுதியுள்ளனர். வெறும் நகரம் என்று ஒருகாலத்தில் குறை கூறப்பட்ட பேவியூவைப் புதுப்பித்து வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது.

பிற வரிசைகளில்

கிரைட்டீரியன் நிறுவனம் 2008 சனவரியில் வெளியிட்ட பர்ன்அவுட் பாரடைஸ் இதனினும் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. அதில் பந்தயங்கள் நகரின் போக்குவரத்து விளக்குச் சந்திப்புகளில் தொடங்கின. தோற்றவர் உடனே மீண்டும் தொடங்க வழியில்லை. தொடங்கிய சந்திப்புக்கே திரும்ப ஓட்டிவர வேண்டும். விருப்பமெனில் அருகிலுள்ள வேறு பந்தயத்தை ஆடலாம் என்பதே வடிவமைப்பாளர்களின் நோக்கம். ஆனால் தோற்றவர் விரும்புவது பெரும்பாலும் அதே பந்தயத்தைத்தான். மறுதொடக்க வசதி 2009 இல் வழங்கப்பட்ட இலவச இற்றைப்படுத்தலில் சேர்க்கப்பட்டது.

2025 சூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியுடன் வெளியான மரியோ கார்ட் வேர்ல்டு ஆட்டத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. அதில் ஒரு ஓடுதளத்திலிருந்து அடுத்த ஓடுதளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையே பந்தயத்தின் பெரும்பகுதியாக அமைந்தது. ஓடுதளத்தை மூன்று முறை சுற்றும் பழைய முறையை விரும்பிய ரசிகர்கள், இணைப்புச் சாலைகள் நேராகவும் சுவையற்றும் உள்ளன என்று குறை கூறினர்.