யாருடைய சாதாரண மொழி? – கோபாலின் வரலாறு குறித்து

கணினியின் வரலாற்றை இயந்திரத்தின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். அது மொழியின் வரலாறும்கூட. நம்மூர் ஆள்பெயர் மாதிரியே உச்சரிக்கப்படும் கோபால் என்ற வணிக நிரல்மொழியை அப்படி வாசித்துப் பார்க்கலாம்.

1959 மே மாதம் பென்டகனில் நடந்த கூட்டத்தில் இதற்கான வேலை தொடங்கியது. கம்பெனிக்குக் கம்பெனி இயந்திரம் வேறு; ஒவ்வொன்றுக்கும் புதிதாக நிரல் எழுதும் செலவு கட்டுபடியாகவில்லை. கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோமேட்டிக் முன்னோடியாக இருந்தது. 'ஆட்', 'மூவ்', 'பெர்ஃபார்ம்' என்று ஆங்கில வினைகளால் ஆன வாக்கியங்கள். சாதாரண மொழியில் இருப்பதால் சம்பளக் கணக்கை மேலாளரே வாசித்துவிடலாம் என்றார்கள். நடந்தது வேறு: குமாஸ்தாவின் கணக்கறிவு நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, யாருக்குச் சாதாரணம்? 1950களில் ஹாப்பர் தன் நிரலின் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களைப் போட்டு ஓட்டிக்காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். சொல் அதற்கு வெறும் குறி. நிர்வாகமோ மிரண்டுபோனது. அமெரிக்க இயந்திரம் அந்நிய மொழியைப் புரிந்துகொள்வதாவது! 1978இல் அவரே சொன்ன கதை இது. ஆங்கிலம் தொழில்நுட்பத் தேவையாக அல்ல, அதிகாரத்தின் தேர்வாகவே உள்ளே வந்தது.

தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஆயத்த ஆடையும் மென்பொருளும் ஒரே வளாகத்திலிருந்து கப்பலேறின, கம்பியேறின. இரண்டிலும் அளவு எடுப்பவர் வேறெங்கோ, தைப்பவர் இங்கே. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்களை, 2000க்கு முன் வரிவரியாகத் திருத்தும் வேலை 1990களில் இந்தியாவுக்குத் தள்ளப்பட்டது. 1994இல் சென்னையில் தொடங்கி, பிறகு தாம்பரம் மண்டலத்திலும் இடம்பிடித்த காக்னிஸன்ட்டின் ஆரம்ப வளர்ச்சியில் இதற்குப் பங்குண்டு. அந்நியன் எழுதிய பிரதியைப் பழுதுபார்க்கலாம். நம் பிரதியை எழுதும் உரிமை அதோடு சேர்ந்து வரவில்லை.

கோபால் செத்துவிட்டது என்று பலமுறை சொல்லியாயிற்று. 2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது நியூ ஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்களைத் தேடி அறைகூவல் விட்டார். உதவித்தொகை யாருக்கு, எவ்வளவு என்ற விதிகள் அந்தப் பழைய வரிகளுக்குள்தான் கிடந்தன.

எனவே, 'ஆட்' என்பதைக் 'கூட்டு' என்று மாற்றிவிட்டால் முடிந்துபோகிற காரியமல்ல இது. எதைக் கூட்ட, யாரைக் கழிக்க என்று தீர்மானிக்கும் விதியை யார் எழுதுவது என்பதுதான் நம் மொழி அரசியல் இன்னும் கைவைக்காத இடம்.