ஹெச்.எம்.வி. நாயும் நம்ம வீட்டு டெரியரும்

இந்த எபிசோடுக்குக் காரணம் அடையாறுல இருந்து வந்த ஒரு கேள்வி. 2 பெட்ரூம் பிளாட், 8 வயசுப் பையன், கூடவே பாட்டி. "ஜாக் ரசல் டெரியர் வாங்கலாம்னு இருக்கோம், சின்ன நாய்தானே, சமாளிச்சிடலாம்ல?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த "சின்ன நாய்தானே" எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, அதுக்குள்ள 200 வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா பதில் தானா வந்துடும்.

பேர்ல இருந்து ஆரம்பிப்போம். டெரியர்ங்கற சொல் பிரெஞ்சு வழியா லத்தீனுக்குப் போகுது. அங்க 'டெர்ரா' என்றால் மண். வளைக்குள்ள புகுந்து நரியையும் எலியையும் துரத்துறதுக்காக இங்கிலாந்துல வளர்த்தெடுத்த நாய்கள் இவை. அங்க ஜான் ரசல்னு ஒரு பாதிரியார் இருந்தார். நரி வேட்டைன்னா அவருக்கு உயிர். 1819ல, ஆக்ஸ்போர்டுல படிக்கும்போது, ஒரு பால்காரர்கிட்ட இருந்து டிரம்ப்ங்கற பெண் நாயை வாங்கினார். ஜாக் ரசல் வம்சத்தோட கதை அங்கதான் தொடங்குது. அவருக்கு வேண்டியது குதிரைகளோட நாள் முழுக்க ஓடணும், நரி வளைக்குள்ள நுழையுற அளவுக்குச் சின்னதா இருக்கணும், உள்ள போய் பயப்படாம குரைச்சு நரியை வெளியே கிளப்பணும்.

எங்க தொழில் மொழியில சொன்னா இதுதான் ஸ்பெக். உயரம் 25-ல இருந்து 30 சென்டிமீட்டர், எடை 5, 6 கிலோ. ஆனா உடம்பு சின்னதா இருக்கறது மடியில வச்சுக் கொஞ்சறதுக்காக இல்லை. வளையோட வாய் சின்னது, அவ்வளவுதான். உள்ள இருக்கிற எஞ்சின் பெருசு.

சரி, இது மெட்ராஸுக்கு எப்படி வந்தது? வெள்ளைக்காரர்களோட நிஜ டெரியர்களும் வந்திருக்கும். ஆனா நம்ம ஊர் வீடுகளுக்குள்ள அதிகமா நுழைஞ்ச டெரியர் படமாத்தான் வந்தது. ஹெச்.எம்.வி. இசைத்தட்டுல, ஒலிபெருக்கிக் குழாய் முன்னாடி தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்குமே, அந்த நாய். அது பேர் நிப்பர். 1884ல பிரிஸ்டல் நகரத்துல பிறந்த நிஜ நாய். ஜாக் ரசல் அல்லது பாக்ஸ் டெரியர் கலப்புன்னு சொல்றாங்க. அதை வளர்த்தவர் 1887ல இறந்துபோக, நாய் அவரோட தம்பிகள்கிட்ட வந்தது. அவங்கள்ல ஒருத்தர்தான் ஓவியர் பிரான்சிஸ் பராட். நிப்பர் 1895ல செத்துப்போச்சு. 3 வருஷம் கழிச்சு, ஞாபகத்துல இருந்து அந்தப் படத்தை அவர் வரைஞ்சார். முதல்ல வரைஞ்சது உருளை வச்ச போனோகிராப். 1899ல கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்தப்போ, அதுக்கு மேலயே தங்களோட தட்டு கிராமபோனை வரையச் சொன்னாங்க. வரைஞ்சு கொடுத்தார்.

மயிலாப்பூர் பக்கம் அந்தக் காலத்துல நாயை வாசப்படி தாண்ட விடாத வீடுகள் நிறைய. ஆனா அதே வீட்டுக் கூடத்துல, எம்.எஸ். சுப்புலட்சுமி 1963ல பாடிக் கொடுத்த சுப்ரபாதம் இசைத்தட்டு சுத்தும்போது, நடுவுல ஒரு டெரியரும் சேர்ந்து சுத்திக்கிட்டு இருந்தது. அமைதியா, விசுவாசமா, பாட்டுக் கேட்டுக்கிட்டு.

இப்ப ஒரு விஷயம். நிப்பர்ங்கற பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கவ்வுறவன், கடிக்கிறவன்னு வச்சுக்கலாம். வீட்டுக்கு வர்றவங்க காலைக் கவ்வுற பழக்கம் இருந்ததால வச்ச பேர். உலகத்துலயே சாதுவான நாய்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கிற படம், கணுக்காலைக் குறி பார்த்த ஒரு டெரியரோட படம்.

நாயைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. அது அதோட நிக்கவும் இல்லை. 2003ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஒரு பக் நாய் ஓடுச்சு. அப்புறம் தி.நகர், அடையாறுன்னு எங்க பார்த்தாலும் பக். மூக்கு தட்டையா இருக்கிற அந்த நாய்க்கு நம்ம ஊர் மே மாசத்துல மூச்சு விடுறதே வேலை. 2024ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதுன்னு போட்ட பட்டியல்ல ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டோட பக் பேரும் இருந்தது. விளம்பரம் வந்து 21 வருஷத்துக்கு அப்புறம்.

ஆசைப்பட்டு வாங்கின நாய் ஒத்துவரலைன்னா என்ன ஆகும்? தெருவுக்கு வரும். இந்த இடத்துலதான் நம்ம ஊருக்குன்னு பெருமைப்படுற மாதிரி ஒரு வரலாறு இருக்கு. 1959ல கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினாங்க. 2 பேருமே விமானிகள். மழை வெள்ளத்துல தத்தளிச்ச குட்டிகளைத் தி.நகர் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததுல ஆரம்பிச்ச கதை அது. தெரு நாய்களைக் கொல்லாம, கருத்தடை செஞ்சு திரும்ப விடுற திட்டத்தை 1964லயே முன்வச்சாங்க. மாநகராட்சி அதை ஏத்துக்க 1996 ஆச்சு.

அடையாறுக்கும் இதுல பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கின ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை நியமன உறுப்பினரா இருந்தப்போ விலங்கு வதைக்கு எதிரா மசோதா கொண்டு வந்தாங்க. அந்த முயற்சிதான் 1960ல சட்டமாச்சு. அந்தச் சட்டத்தின்படி 1962ல அமைஞ்ச விலங்கு நல வாரியத்துக்கு அவங்கதான் முதல் தலைவர். இன்னைக்கு நீங்க குட்டி வாங்கும்போது உங்களுக்குத் துணையா இருக்கிற விதிகளும் அந்தச் சட்டத்துக்குக் கீழதான் வருது. 2017 விதிகள்படி 8 வாரம் முடியாத குட்டியை விக்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்யறவங்க மாநில வாரியத்துல பதிவு செஞ்சிருக்கணும். "30 நாள் குட்டி சார், இப்பவே எடுத்துக்கங்க"ன்னு யாராவது சொன்னா, அங்கயே திரும்பி வந்துடுங்க. தாய்கூடவும் கூடப்பிறந்த குட்டிங்ககூடவும் இருக்கிற அந்த வாரங்கள்லதான், கடிச்சா வலிக்கும்ங்கறதையே குட்டி கத்துக்குது. டெரியருக்கு அந்தப் பாடம் ரொம்ப முக்கியம்.

வாங்கும்போது தாயைக் காட்டச் சொல்லுங்க. கூப்பிட்டாத் திரும்புதான்னு பாருங்க. வெள்ளை நிறம் அதிகமா இருக்கிற நாய்கள்ல பிறவியிலேயே காது கேக்காத குட்டிகள் வர வாய்ப்பு உண்டு. கண் லென்ஸ் இடம் நழுவுற ஒரு பரம்பரை நோய் டெரியர்கள்ல இருக்கு, அதுக்கு மரபணுச் சோதனையும் இருக்கு. அதைப் பத்திக் கேட்டாலே, விக்கிறவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுடும்.

வீட்டுக்கு வந்தப்புறம்? மண்ணைத் தோண்டும். அது சேட்டை இல்லை, அதோட பேரே அதுதான். துளசி மாடத்தையும் தொட்டிச் செடியையும் காப்பாத்தணும்னா, பால்கனியில மணல் போட்ட ஒரு டப் வச்சு, அதுல பொம்மையைப் புதைச்சு விடுங்க. காலையில 7 மணிக்கு முன்னாடி ஒரு நடை, ராத்திரி தரை ஆறினப்புறம் ஒரு நடை. புறங்கையை ரோட்டுல சில நொடி வச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதோட பாதத்துக்கும் சுடும். எலியைப் பார்த்தா கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது, அதனால ரோட்டுல கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. எலியும் மழைத்தண்ணியும் சேர்ற ஊர் இது. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை மத்த ஊசிகளோட கேட்டுப் போட்டுக்கங்க. உண்ணி மருந்து வருஷம் முழுக்க வேணும். ரேபிஸ் ஊசி இல்லாம மாநகராட்சி உரிமம் கிடைக்காது, உரிமம் இல்லாம வளர்க்கவும் கூடாது. சந்தேகம்னா, 1903ல தொடங்கின, வேப்பேரியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியோட மருத்துவமனை இருக்கு.

பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். தயிர் சாதம் மட்டும் போதாது, முட்டையாவது சேர்க்கணும். சாம்பார் வெங்காயமும், பொங்கல், கேசரியில இருக்கிற திராட்சையும் வேண்டவே வேண்டாம். 2மே நாய்க்கு விஷம்.

இப்ப அந்தக் கேள்விக்கு வரேன். பிளாட் சின்னதா இருக்கறது பிரச்சனை இல்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல அதோட நடந்து, ஓடி, விளையாட யார் இருக்காங்க? 8 வயசுப் பையனால அது தனியா முடியாது, பாட்டியால சுத்தமா முடியாது. நீங்க 2 பேரும் காலையில போய் ராத்திரி வர்றவங்கன்னா, டெரியர் வேண்டாம். தத்துக் கொடுக்கிற இடத்துல, குணம் ஏற்கெனவே தெரிஞ்ச, கொஞ்சம் வயசான ஒரு நாட்டு நாயைப் போய்ப் பாருங்க. இந்த வெயில் அதுக்குப் பழக்கம். இல்லை, ஒருத்தராவது அந்த நேரத்தைக் கொடுக்க முடியும்னா, தாராளமா டெரியர் வளர்க்கலாம். 13, 14 வருஷம் கூட இருக்கும். இன்னைக்கு 8 வயசுல இருக்கிற பையன் காலேஜ் முடிக்கிற வரைக்கும்.

பையன்கிட்டயும் இதைச் சொல்லிட்டு முடிவெடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.